நமைச்சலின் வரலாறு: நாயின் தோல்நோயும் கால்நடைத் தோல் மருத்துவப் புலத்தின் உருவாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

செல்லப்பிராணிகளின் தோல்நோய்களை ஆராயும் கால்நடைத் தோல் மருத்துவம் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தனிப்புலமாக உருப்பெற்றது. நாயின் நமைச்சலை மருத்துவ உலகம் எவ்வாறு புரிந்துகொண்டது என்னும் வினாவின் வழியே அப்புலத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சொறி உண்ணி பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வுகள், மரபுவழி ஒவ்வாமை மனிதருக்கே உரியது என்ற 1923ஆம் ஆண்டின் வரையறை, அவ்வரையறையைத் தளர்த்திய நாய்கள் பற்றிய சான்றுகள், நோயறி அளவைகளின் உருவாக்கம், இன்டர்லூகின்-31 சார்ந்த மருந்துகள் ஆகியன கால வரிசையில் நோக்கப்படுகின்றன. மனித நோய்க்குரிய கருத்துகளை நாயின்மீது அவ்வாறே ஏற்றியபோது நேர்ந்த பிழைகளை, மருத்துவமனைக்கு வந்த நாயைத் தன்னளவில் நோயாளியாகக் கொண்ட ஆய்வுகளே திருத்தின என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கால்நடைத் தோல் மருத்துவம், நமைச்சல், ஒவ்வாமைத் தோலழற்சி, சொறி உண்ணி, ஒப்பீட்டு மருத்துவம், செல்லப்பிராணி.

முன்னுரை

தமிழில் 'சொறி' என்னும் சொல் வினையாகவும் பெயராகவும் வழங்குகிறது. தோலை நகத்தால் கீறும் செயலும் அச்செயலைத் தூண்டும் நோயும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. 'சொறிநாய்' என்னும் வழக்கோ நோயுற்ற விலங்கை இழிவின் குறியீடாக்கிவிட்டது. உண்ணியால் முடி கொட்டிய நாய், ஒவ்வாமையால் பாதங்களை நக்கிப் புண்ணாக்கிக்கொண்ட நாய், பாக்டீரியாத் தொற்றால் கொப்புளம் கண்ட நாய் ஆகிய மூன்றும் பொதுவழக்கில் சொறிநாய்களே. இம்மூன்றையும் பிரித்தறிவதில் தொடங்குகிறது கால்நடைத் தோல் மருத்துவரின் பணி. அவ்வாறு பிரித்தறியும் அறிவு திரள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் கால்நடைத் தோல் மருத்துவர் மூன்று பொறுப்புகளை ஒருங்கே ஏற்கிறார். பிற மருத்துவர்களால் குணப்படுத்த இயலாத நாயையும் பூனையையும் பரிந்துரையின் பேரில் பரிசோதிக்கிறார். அவற்றின் நோயை ஆராய்கிறார். அடுத்த தலைமுறை மருத்துவர்களைப் பயிற்றுவிக்கிறார். சிகிச்சை பெற வரும் விலங்கே ஆய்வுக்குரிய சான்றாகவும் அமைவது இப்பணியின் தனித்தன்மை. மருத்துவ வரலாற்று நூல்களில் நாய் பெரும்பாலும் சோதனைக்கூடக் கருவியாகவே இடம்பெறுகிறது. நோயாளியாக நாய் எப்போது கருதப்பட்டது, அக்கருத்து மாற்றத்தால் அறிவியலில் விளைந்தது யாது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. அவற்றுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

1. சொறி உண்ணியும் ஒப்பீட்டு மருத்துவமும்

சிரங்கு நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணிய உயிரி என்பதை இத்தாலியின் ஜியோவன்னி கோசிமோ பொனோமோவும் டியாசின்டோ செஸ்தோனியும் 1687இல் வெளிப்படுத்தினர். எனினும், உடலின் நீர்மங்கள் கெடுவதால் தோல்நோய் தோன்றுகிறது என்ற பழங்கொள்கை அக்கண்டுபிடிப்பை நெடுங்காலம் மறைத்தது. 1812இல் பாரிசில் காலே என்பவர் சொறி உண்ணி என வரைந்துகாட்டிய உருவம், பாலாடைக்கட்டியில் வாழும் வேறோர் உண்ணியினுடையது எனப் பின்னர் தெரியவந்தது. இதனால் உண்ணிக் கொள்கையே ஐயத்திற்குள்ளாயிற்று. 1834இல் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ரெனூச்சி என்னும் கோர்சிக மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதைப் போல ஊசி முனையால் நோயாளியின் தோலிலிருந்து உண்ணியை எடுத்துக்காட்டிய பின்னரே ஐயம் நீங்கியது.

இந்நிகழ்வு விலங்கு மருத்துவத்திற்கும் வழி திறந்தது. ஜெர்மனியின் கால்நடை மருத்துவ அறிஞர் ஆந்திரேயாஸ் கிறிஸ்தியான் கெர்லாக் மனிதரின் சிரங்கையும் விலங்குகளின் சொறியையும் ஒருங்கே ஆராய்ந்து 1857இல் நூல் வெளியிட்டார். பிரான்சின் அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தெலஃபோனும், மனித மருத்துவரான பூர்கிஞோனும் இணைந்து எழுதிய பெருநூல் 1862இல் வெளிவந்தது. மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே நூலின் ஆசிரியர்களாக அமைந்தமை, ஒப்பீட்டு மருத்துவத்தின் தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று. நாயைத் தாக்கும் சொறி உண்ணி மனிதத் தோலில் சிறிது காலம் நமைச்சலை உண்டாக்கினும், அங்கு நிலைத்துப் பெருகுவதில்லை. ஒரே இன உண்ணியின் வகைகள் வெவ்வேறு விருந்தோம்பிகளுக்கேற்பத் தகவமைந்துள்ளன என்னும் உண்மை இத்தகைய ஒப்பீடுகளால் துலங்கியது.

ஆயினும் 'உண்ணி இருந்தால் நோய்' என்னும் எளிய விதி நாயிடம் முழுமையாகச் செல்லவில்லை. மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் உண்ணி 1840களில் மனிதரிடமும் நாயிடமும் கண்டறியப்பட்டது. இவ்வுண்ணி பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்கிறது. நலமான நாய்களின் தோலிலும் சிறு எண்ணிக்கையில் வாழ்கிறது. நாயின் எதிர்ப்பாற்றல் குன்றும்போதே அது கட்டின்றிப் பெருகி நோயாகிறது. எனவே இங்கு உண்ணி இருப்பதை அறிவதோடு மருத்துவரின் பணி முடிவதில்லை. அது ஏன் பெருகியது என்பதையும் அவர் ஆராய வேண்டும். உடல் முழுதும் பரவிய டெமோடெக்ஸ் நோய் நெடுங்காலம் தீரா நோயாகக் கருதப்பட்டதால் பல நாய்கள் கருணைக்கொலைக்கு உள்ளாயின. 1982இல் அமெரிக்காவில் அமிட்ராஸ் மருந்து ஏற்பளிக்கப்பட்ட பின்னரும், 2013 முதல் வெளிவந்த ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளாலும் அந்நிலை படிப்படியாக மாறியது.

2. கால்நடையிலிருந்து செல்லப்பிராணிக்கு

மேற்கண்ட ஆய்வுகள் நடந்த காலத்தில் கால்நடை மருத்துவப் பள்ளிகளின் முதன்மை அக்கறை நாய் அன்று. 1760களில் லியோனிலும் அல்ஃபோரிலும் தொடங்கப்பட்ட பள்ளிகள் குதிரை, மாடு ஆகியவற்றின் நலனை மையமாகக் கொண்டவை. போக்குவரத்தும் படையும் குதிரையைச் சார்ந்திருந்த காலத்தில் குதிரைச் சொறி அரசின் கவலையாயிற்று. முதல் உலகப் போரில் படைக்குதிரைகளிடையே சொறிநோய் பெருஞ்சிக்கலாக இருந்தது. தமிழில் வழங்கும் 'கால்நடை மருத்துவம்' என்னும் பெயரும் உழவு, பால், சுமை சார்ந்த விலங்குகளையே முதலில் நினைவூட்டுகிறது. நாயும் பூனையும் அப்பெயருக்குள் பின்னர் வந்து சேர்ந்தவை.

மோட்டார் வண்டிகள் குதிரையின் இடத்தைப் பிடித்ததும், நகர வீடுகளில் நாய் வளர்ப்பு பெருகியதும் மருத்துவரின் அன்றாடப் பணியை மாற்றின. வீட்டுக்குள் மனிதரோடு ஒரே அறையில் உறங்கும் நாய் இரவெல்லாம் சொறிந்தால் அக்குடும்பத்தின் உறக்கமும் கெடுகிறது. தொழுவத்தில் கவனிக்கப்படாது போகக்கூடிய நமைச்சல் வீட்டுக்குள் நோயாக உணரப்பட்டது.

இம்மாற்றத்தின் விளைவைப் பாடநூல்களில் காணலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிரால் நோவக்குடன் இணைந்து 1953இல் கால்நடைத் தோல் மருத்துவ நூலொன்றை வெளியிட்டார். 1964இல் கிராலும் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மனும் எழுதிய நூல் 'ஒப்பீட்டுத் தோல் மருத்துவம்' என்பதையும் தலைப்பில் ஏற்றது. அதே ஆண்டில் அமெரிக்கக் கால்நடைத் தோல் மருத்துவக் கழகம் தோன்றியது. 1969இல் கலிபோர்னியாவில் மருத்துவத் தொழில் புரிந்த ஜார்ஜ் முல்லரும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கிர்க்கும் எழுதிய நூல் சிறுவிலங்குகளின் தோல் மருத்துவத்தை மட்டுமே பொருளாகக் கொண்டது. 1983ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் கார்னெலைச் சேர்ந்த டேனி ஸ்காட் இணைந்தார். அந்நூல் இன்றும் முல்லர், கிர்க் பெயர்களாலேயே அறியப்படுகிறது. 1982இல் தோல் மருத்துவம் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தால் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. 1989இல் பிரான்சின் திஜோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. நான்கு பத்தாண்டுகளுக்குள் பாடநூல், கழகம், சிறப்புத் தகுதி, உலக மாநாடு ஆகிய நான்கும் அமைந்தமை இப்புலத்தின் விரைவான வளர்ச்சியைக் காட்டுகிறது.

3. 'மனிதருக்கே உரிய' நோய்

உண்ணியும் பூஞ்சையும் காணப்படாத நமைச்சல் எதனால் வருகிறது? இவ்வினாவுக்கான விடை மனித மருத்துவத்தில் உருவான ஒரு சொல்லோடு பிணைந்தது. 1923இல் அமெரிக்க மருத்துவர்களான ஆர்தர் கோக்காவும் ராபர்ட் குக்கும் மரபுவழி ஒவ்வாமையைக் குறிக்க 'அடோபி' என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினர். 'இடமற்றது', 'வழக்கத்திற்கு மாறானது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது ஆக்கப்பட்டது. மகரந்தக் காய்ச்சல், ஆஸ்துமா முதலியன இதனுள் அடக்கப்பட்டன. இந்நிலை மரபுவழி வருவது, மனிதரிடம் மட்டுமே காணப்படுவது என அவர்கள் கருதினர். 1933இல் ஃபிரெட் வைசும் மேரியன் சல்ஸ்பெர்கரும் 'அடோபித் தோலழற்சி' என்னும் பெயரை மனிதத் தோல் மருத்துவத்தில் நிலைநிறுத்தினர்.

வரையறையே விலங்கை விலக்கிவிட்டதால், நாயிடம் இந்நோயைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. அவ்வரையறைக்கு முதல் இடையூறு ஒரு வளர்ப்பு நாயிடமிருந்து வந்தது. 1941இல் மினியாபொலிசைச் சேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் ஃபிரெட் விட்டிக், பருவந்தோறும் மகரந்தக் காய்ச்சலால் வருந்திய நாயொன்றைப் பற்றி எழுதினார். அந்நாய்க்கு ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாதிருந்தது. நம் நாட்டில் ஒவ்வாமைக்குக் காரணமாக அறியப்பட்ட பார்த்தீனியம் அச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும், மனிதருக்குரிய சிகிச்சை முறையையே விட்டிக் நாய்க்கும் கையாண்டு பயன் கண்டார்.

ஒரு நாயின் வரலாறு மட்டும் கொள்கையை மாற்றப் போதுமானதாக இல்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராய் பேட்டர்சன் ராக்வீட் ஒவ்வாமையுள்ள நாய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இங்குக் கையாளப்பட்ட முறைக்கு 1921ஆம் ஆண்டின் ஒரு புகழ்பெற்ற சோதனை முன்னோடி. ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்பவருக்குச் சமைத்த மீன் ஒவ்வாதிருந்தது. அவருடைய சீரத்தைத் தம் தோலில் செலுத்திக்கொண்ட கார்ல் பிரவுஸ்னிட்ஸ், பின்னர் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தடிப்பு எழுவதைக் கண்டார். ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் குருதியில் உள்ளது என்பதற்கு அது சான்றாயிற்று. பேட்டர்சனின் ஆய்வுகளில் ஒவ்வாமையுள்ள நாயின் சீரமும் நலமான நாயின் தோலில் அத்தகைய விளைவை ஏற்படுத்தியது. அதே பத்தாண்டில் பென்சில்வேனியாவில் ஷ்வார்ட்ஸ்மன் நாய்களின் அடோபியைத் தோல் மருத்துவ நோக்கில் விளக்கினார். மனிதருக்கே உரியது என்னும் வேலி இவ்வாறு தளர்ந்தது.

4. எதிர்ப்பொருள் ஆய்வும் அதன் எல்லையும்

1966இல் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா இணையர் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருளைப் பிரித்துக் காட்டினர். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் தனியே கண்ட புரதமும் அதுவே எனத் தெளிவானதும், 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின்-இ எனப் பெயரிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1972இல், ரிச்சர்ட் ஹாலிவெல், ஷ்வார்ட்ஸ்மன், ராக்கி ஆகியோர் மனிதரின் அவ்வெதிர்ப்பொருளுக்கும் நாயினுடையதற்கும் உள்ள உறவை நிறுவினர். நாய்க்கு அந்நோய் உண்டா என்னும் வாதம் இதனுடன் ஏறத்தாழ முடிவுற்றது.

இவ்வெற்றி புதியதொரு பிழைக்கும் இடமளித்தது. நாயின் நோய் மனிதருடையதை ஒத்தது எனில் அனைத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. மகரந்தக் காய்ச்சலில் போலவே ஒவ்வாப் பொருள் மூச்சு வழியே நுழைவதாகக் கருதி, இந்நோய் 'உள்மூச்சு ஒவ்வாமைத் தோலழற்சி' எனவும் அழைக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வந்த நாய்களின் உடலோ வேறொன்றைக் காட்டியது. பாதங்கள், வயிற்றுப்புறம், அக்குள், முகம் என நிலத்தையும் புல்லையும் விரிப்பையும் தொடும் இடங்களிலேயே அழற்சி மிகுந்திருந்தது. ஒவ்வாப் பொருள் தோல் வழியே நுழைவதே முதன்மையானது என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. மனிதருக்குப் பெரிதும் பயன்பட்ட ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் நாயின் நமைச்சலை அவ்வளவாகத் தணிக்கவில்லை என்பதும் அனுபவத்தால் தெரிந்தது.

குருதிச் சோதனையின் நிலையும் இத்தகையதே. நலமான நாய்கள் பலவற்றின் குருதியிலும் வீட்டுத் தூசி உண்ணிக்கு எதிரான இம்யூனோகுளோபுலின்-இ காணப்படுகிறது. மறுபுறம், நோயின் எல்லாக் குறிகளும் இருந்தும் அவ்வெதிர்ப்பொருள் புலப்படாத நாய்களும் உண்டு. 2006இல் வெளியான திருத்திய பெயரமைப்பில் இத்தகைய நாய்களின் நிலை 'அடோபி போன்ற தோலழற்சி' எனப்பட்டது. அப்பெயரமைப்பை எழுதியவர், நாயின் இம்யூனோகுளோபுலின்-இ ஆய்வில் முன்னோடியான ஹாலிவெல் என்பது குறிப்பிடத்தக்கது. எனவே இச்சோதனை நோய் உண்டா இல்லையா என முடிவு செய்யப் பயன்படுவதில்லை. நோய் உறுதியான பின்னர், எப்பொருளைக் கொண்டு உடலைப் பழக்குவது எனத் தேர்வதற்கே பயன்படுகிறது.

5. பேசாத நோயாளியின் நமைச்சலை அளத்தல்

ஆய்வகச் சோதனை நோயை அறிவிக்காதெனில் மருத்துவர் எதனை நம்புவது? இவ்வினாவே இப்புலத்தின் கல்விசார் உழைப்பில் பெரும்பகுதியை ஈர்த்தது. 1980இல் மனித மருத்துவத்தில் ஹானிஃபின், ராய்கா இருவரும் அடோபித் தோலழற்சிக்கான நோயறி அளவைகளை வகுத்தனர். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு நெதர்லாந்தின் உட்ரெக்டைச் சேர்ந்த டோன் வில்லெம்ஸே 1986இல் நாய்க்குரிய அளவைகளை அமைத்தார். அமெரிக்கக் கால்நடைத் தோல் மருத்துவக் கல்லூரி 1999இல் அமைத்த பணிக்குழு, அதுவரையிலான சான்றுகளைத் தொகுத்து 2001இல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டது. 2010இல் சூரிச்சைச் சேர்ந்த கிளாட் ஃபாவ்ரோ தலைமையிலான குழு, நமைச்சலுடன் மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் தரவிலிருந்து புதிய அளவைகளைப் பெற்றது.

அவ்வளவைகள் எட்டு: மூன்று வயதுக்குள் நோய் தொடங்குதல், நாய் பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்தல், நமைச்சல் ஸ்டீராய்டு மருந்துக்குத் தணிதல், தொடக்கத்தில் புண்ணின்றி நமைச்சல் மட்டும் இருத்தல், முன்பாதங்கள் பாதிக்கப்பட்டிருத்தல், காதுமடல் பாதிக்கப்பட்டிருத்தல், காதின் ஓரம் பாதிக்கப்படாதிருத்தல், முதுகின் பின்பகுதி பாதிக்கப்படாதிருத்தல். இவற்றுள் ஐந்து பொருந்தினால், நோயுள்ள நாய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 சரியாக இனங்காணப்படுகின்றன; பிற காரணத்தால் நமைச்சலுற்ற நாய்களில் ஏறத்தாழ 79 சரியாக விலக்கப்படுகின்றன.

இப்பட்டியலின் கடைசி இரண்டும் எதிர்மறை வடிவில் அமைந்தவை. காதின் ஓரத்தைத் தாக்குவது சொறி உண்ணியின் இயல்பு. முதுகின் பின்பகுதியைத் தாக்குவது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையின் இயல்பு. அவ்விடங்கள் தெளிவாக இருந்தால் அவ்விரு நோய்களுக்கான வாய்ப்பு குறைகிறது. 'வீட்டுக்குள் வாழ்தல்' என்னும் அளவையோ நாய் தொழுவத்தை விட்டு வீட்டுக்குள் வந்த சமூக மாற்றத்தின் மருத்துவப் பதிவாகவும் அமைகிறது. மனித நோயாளிகளைக் கொண்டு வகுத்த அளவைகளில் இத்தகைய நுட்பங்களுக்கு இடமில்லை. இவை நாய்களைப் பார்த்தே பெறப்பட்டவை.

நமைச்சலின் அளவை அறிவது அடுத்த சிக்கல். நமைச்சல் என்பது உணர்வு. மனிதர் அதனைச் சொல்லால் தெரிவிப்பர், நாய் செயலால் மட்டுமே காட்டும். அச்செயலை நாள் முழுதும் காண்பவர் உரிமையாளரே. 2007இல் ஹில், லாவ், ரிப்னீச்செக் ஆகியோர் வடிவமைத்த அளவுகோல், நாயின் நடத்தையை விவரிக்கும் தொடர்கள் பொறித்த செங்குத்துக் கோட்டில் உரிமையாளர் குறியிடும் முறையைத் தந்தது. தோலின் அழற்சியை அளக்க 2014இல் உருவான நான்காம் வடிவ அளவீட்டு முறையில், உடலின் 20 இடங்களில் மூவகைக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடப்படுகிறது; உச்ச மதிப்பு 180. ஒன்றில் உரிமையாளரும் மற்றொன்றில் மருத்துவரும் சான்றளிக்கின்றனர். உரிமையாளரின் நம்பிக்கை மதிப்பீட்டைப் பாதிக்கக்கூடும் என்பதால், எந்த நாய் மருந்து பெறுகிறது என்பதை இருவருக்கும் மறைத்துச் சோதிக்கும் முறை இன்றியமையாததாயிற்று.

6. மனிதப் பெயர் சூட்டப்பட்ட நுண்ணுயிரி

ஒவ்வாமையால் காப்புத்திறன் குன்றிய தோலில் பாக்டீரியாத் தொற்று எளிதில் தோன்றுகிறது. நாயின் தோல் கொப்புளங்களுக்குக் காரணமான ஸ்டஃபிலோகாக்கஸ், நெடுங்காலம் மனிதரிடம் காணப்படும் 'ஆரியஸ்' இனமாகவே கருதப்பட்டது. 1976இல் ஹாயெக் அதனின் வேறான 'இன்டர்மீடியஸ்' இனத்தை விவரித்தார். 2005இல் தெவ்ரீஸே குழுவினர் 'சூடின்டர்மீடியஸ்' என்னும் புதிய இனத்தை விவரித்தனர். 2007இல் வெளியான மரபணு ஒப்பீடுகள், நாய்களிடம் வழக்கமாகக் காணப்படுவது இப்புதிய இனமே எனக் காட்டின. முப்பது ஆண்டுகளில் இருமுறை பெயர் மாறிய இந்நுண்ணுயிரி, மனித நோயியலின் பெயர்களை நாய்க்கு இரவல் பெறுவதன் இடரை மீண்டும் உணர்த்துகிறது.

பெயர் தெளிவான காலத்திலேயே மற்றொரு நெருக்கடி முற்றியது. மெத்திசிலினை எதிர்க்கும் சூடின்டர்மீடியஸ் வகைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவின. நமைச்சலின் அடிப்படைக் காரணத்தை அறியாது, கொப்புளம் தோன்றும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் தரும் வழக்கம் இதற்குத் துணைபுரியும். தொற்று தணியும், ஒவ்வாமை எஞ்சும், சில வாரங்களில் தொற்று மீளும், ஒவ்வொரு சுற்றிலும் மருந்தை எதிர்க்கும் வகைகளே தங்கும். 2014இல் பன்னாட்டு வல்லுநர் குழு நாயின் மேலோட்டமான தோல் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டு வழிகாட்டியை வெளியிட்டது. குளோர்ஹெக்சிடின் கலந்த குளியல் நீர்மம் போன்ற மேற்பூச்சு மருத்துவம் அதன்பின் மேலும் முதன்மை பெற்றது. நாய் உறங்கும் வீட்டில் மனிதரும் உறங்குவதால் இது நாயின் நலத்தோடு நிற்பதன்று; பொதுநலம் சார்ந்த பொறுப்பாகவும் ஆகிறது.

7. நாய் முந்திய மருந்து

ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும் மனித மருத்துவத்திலிருந்து நாய்க்கு வந்தவை. சைக்ளோஸ்போரின் நாயின் அடோபித் தோலழற்சிக்கு 2003இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. அதன்பின் ஒரு பத்தாண்டில் இவ்வரிசை ஒரு முக்கியப் பகுதியில் தலைகீழாயிற்று.

2004இல் விவரிக்கப்பட்ட இன்டர்லூகின்-31 என்னும் புரதம் மிகுதியாகச் சுரந்த எலிகள் ஓயாது சொறிந்தன. 2013இல் வெளியான ஆய்வில், இப்புரதம் செலுத்தப்பட்ட பீகிள் நாய்களிடமும் நமைச்சல் தோன்றியது. இயல்பாக அடோபித் தோலழற்சி கண்ட நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் குருதியில் அது காணப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், இத்தகைய புரதங்களின் சமிக்ஞையை உயிரணுவுக்குள் தடுக்கும் ஒக்லாசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் நாய்களுக்கான ஏற்பு கிடைத்தது. அவ்வகை மாத்திரை மனிதரின் அடோபித் தோலழற்சிக்கு ஐரோப்பாவில் ஏற்பளிக்கப்பட்டது 2020இல்தான். இன்டர்லூகின்-31ஐ நேரடியாகப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் லோகிவெட்மாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசி 2016இல் அமெரிக்காவில் நாய்களுக்கு முழு உரிமம் பெற்றது. அதே பாதையில், அப்புரதத்தின் ஏற்பியைத் தடுக்கும் நெமோலிசுமாப் மனிதருக்கு ஜப்பானில் 2022இலும், அடோபித் தோலழற்சிக்கு அமெரிக்காவில் 2024இலும் ஏற்கப்பட்டது.

இதனை நாயின் முழு வெற்றியாகக் கொள்வது பொருந்தாது. இன்டர்லூகின்-4 பாதையைத் தடுக்கும் டூபிலுமாப் மனிதருக்கு 2017இலேயே கிடைத்தது. அங்கு மனித மருத்துவம் முந்தியது. மேலும், புதிய மருந்துகள் பெருநிறுவனங்களின் ஆய்வகங்களில் உருவானவை. அவ்வாய்வில் சோதனைக்கூட பீகிள்களும் பயன்பட்டன. அவ்வகையில் நாய் கருவியாக இருந்த நிலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும், ஆய்வகத்தில் கண்ட வழிமுறை சிகிச்சையாக ஏற்கப்பட, வீடுகளில் வாழ்ந்து இயல்பாக நோயுற்ற நாய்களிடம் அது பயனளிப்பதாக நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு உதவிய நோயறி அளவைகளும் நமைச்சல் அளவுகோலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் நீண்டகால உழைப்பில் விளைந்தவை. மருந்தின் வரலாற்றில் நிறுவனத்தின் பெயர் முன்னிற்பதால் இவ்வளவைகளின் பங்கு மறைந்துவிடுகிறது.

முடிவுரை

1862இல் மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே நூலில் மனிதரின் சிரங்கையும் விலங்கின் சொறியையும் ஒப்பிட்டனர். 1923இல் ஒரு வரையறை அவ்விரு உலகங்களையும் பிரித்தது. 1941 முதல் 1972 வரையிலான சான்றுகள் அவற்றை மீண்டும் இணைத்தன. இணைந்த பின்னர், ஒற்றுமையை மிகைப்படுத்தியதால் மூச்சு வழிக் கொள்கை, குருதிச் சோதனையின் மீதான மிகை நம்பிக்கை ஆகிய பிழைகள் நேர்ந்தன. முற்றிலும் வேறு எனக் கொண்டதும் முற்றிலும் ஒன்று எனக் கொண்டதும் ஒரே குறையின் இரு வடிவங்கள் எனலாம். இரண்டிலும் நாய் ஆராயப்படுவதற்கு முன்பே அதற்கான விடை மனிதரிடமிருந்து பெறப்பட்டுவிட்டது. விட்டிக்கிடம் வந்த நாயும் சூரிச் ஆய்வில் இடம்பெற்ற நாய்களும் அவ்விடைகளைத் திருத்தின.

இத்திருத்தத்தின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. அடோபித் தோலழற்சி பொதுவாக வாழ்நாள் முழுதும் தொடர்வது. குணமாக்கப்படுவதைவிடக் கட்டுப்படுத்தப்படுவதே இயல்பு. காரணம் அறியப்படாத நமைச்சல் நாய்க்கு ஓயாத துன்பம். உரிமையாளருக்குத் தொடர் செலவும் உறக்கமின்மையும். அத்துன்பத்தின் முடிவில் கருணைக்கொலை ஒரு தேர்வாக முன்வைக்கப்படுவதும் உண்டு. அத்தேர்வுக்கும் நாய்க்கும் இடையில் நிற்பது சரியான நோயறிதலே.

மருத்துவ வரலாற்றாய்வுக்கும் இதில் ஒரு பாடம் உள்ளது. விலங்கை மனித மருத்துவத்தின் துணைக்கருவியாக மட்டும் எழுதும் வரலாறு, 2013க்கும் 2024க்கும் இடையில் நிகழ்ந்த வரிசை மாற்றத்தை விளக்க இயலாது. விலங்கின் மருத்துவப் பதிவேடும் வரலாற்றாவணமே எனக் கொள்ளும்போது அம்மாற்றத்தின் வேர்கள் புலப்படும். 'சொறி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த பல நோய்களுக்குத் தனித்தனிப் பெயரும் காரணமும் கண்டவர்கள், அச்சொல்லால் இகழப்பட்ட விலங்கைக் கூர்ந்து நோக்கிய மருத்துவர்களே.